நாற்பத்திரண்டாவது நொடி

படம் மறுபடியும் தள்ளிப் போச்சாம்.
சுளகை மடிக்கு இழுத்துக்கொண்டே
பிரம்மசக்தி சொன்னாள்.
முக்கூடலில் அப்போது மணி ஒன்பதரை,
கரண்டு இல்லை.

"பொங்கலுக்குன்னான், சித்திரைன்னான்,
இப்ப ஆடி பதினெட்டாம்.
பைனான்ஸ்காரன் கோர்ட்டுல தடை வாங்கிட்டான்ட்டி."
"தடையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.
ஆதவ்கிரணுக்குச் சம்பள பாக்கி.
டப்பிங் பேச மாட்டேன்னு
மலேசியாவுல போயி உக்காந்திருக்கான்."
இது மரியசெல்வம்.
அவள் பாஸ்புக்குக்குள்
மூன்று வருசமாகச் சிரிக்கிறான் ஆதவ்கிரண்;
வராத போனசும் அவனும் ஒரே பக்கத்தில்.

படத்தின் பட்ஜெட் எங்களுக்குத் தெரியும்.
கேரளா உரிமை எத்தனை கோடிக்குப் போனது,
இசையமைப்பாளர் யாரோடு பேசுவதில்லை,
இடைவேளைக்குப் பிறகு எத்தனை நிமிசம் வெட்டினார்கள்
எல்லாம் தெரியும்.
ஆயிரம் பீடிக்குப் பிடித்தம் போக எவ்வளவு என்றால்
ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவோம்.

ஆனால் இந்தப் படம் வேறே.
போன வருசம் மாசியில்
ரிதன்யா எங்கள் முடுக்குக்கு வந்தாள்,
பீடி சுற்றப் படிக்க.
நல்ல பிள்ளை. தரையில் உட்கார்ந்தாள்.
கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடித்தாள்.
மூன்று நாளில் அவள் சுற்றியது
பதினொன்று.
ஒவ்வொன்றும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி
நடுவில் உப்பி.
டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கை மட்டும் வேற ஆள் வச்சுக்கிடுவோம்."

ஆவுடைத்தங்கம் போனாள்.
எழுநூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம்.
முகத்தை மட்டும்
அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார்களாம்.
திருப்பின பக்கத்தில் ஆறு.
"நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்"
என்று சொல்லியிருக்கிறாள்.

கரண்டு வந்தது.
டிவியில் கோட்டுப் போட்ட ரெண்டு பேர்
ட்ரெய்லரை நிறுத்தி நிறுத்திச் சிரித்தார்கள்.
"நாற்பத்திரண்டாவது நொடியப் பாருங்க.
கதாநாயகி இடது கையால கத்தரி பிடிக்காங்க.
அடுத்த ஷாட்டுல வலது கை!
டைரக்டர் தூங்கிட்டாரு போல."
சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்கள்.

வட்டத்துக்குள்ளே
ஆவுடைத்தங்கத்தின் கை.

ஐந்து கத்தரியும் நின்றது.
"ஏ மூதி, அது தப்பு இல்லல,
எங்க மைனி!"
மரியசெல்வம் டிவியைப் பார்த்துக் கத்தினாள்.
எதிர்வீட்டுக் கோழி சிதறி ஓடியது.

"போன் போட்டுச் சொல்லுவமா?"
"சொன்னா அந்தப் பிள்ளைக்கு அவார்டு போயிரும்.
சிறந்த நடிகைன்னு அவ பேருதான் அடிபடுது."
"போவட்டுமே."
"பாவம்ட்டி. ரெண்டு வெரல்ல பிளாஸ்திரி ஒட்டிட்டுல்லா
சுத்திக்கிட்டு இருந்தா."
"டைரக்டர் ஏன் வாயத் தொறக்கல?"
"அவன் எதுக்குத் தொறக்கான்.
தொறந்தா அவ சுத்தலன்னு ஆயிரும்லா."
இப்படியே ரெண்டு கட்டு போனது.

ஆவுடைத்தங்கம் கடைசியில்தான் திரையைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை,
ஒரு இலை மடிக்கிற நேரம்.
"கைய வெளுப்பாக்கிட்டான்.
நகத்துக்குள்ள தூளயும் காணல."
பிறகு,
"சத்தத்தக் கொறட்டி. எண்ணிக்க விட்டுப்போச்சு."

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

அவர்கள் அம்பையில் முதல் நாள் டிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள்,
காலைக் காட்சியா மாலைக் காட்சியா,
யார் கணக்கில் நூறு பீடி குறையும் என்று.
நான் கத்தரியை
இடக்கைக்கு மாற்றி
ஓர் இலையை வெட்டிப் பார்த்தேன்.

நரம்போடு கோணலாகப் போய்க்
கிழிந்தது.

"கிழிஞ்ச இலை ஒங் கணக்குட்டி" என்றாள்
ஆவுடைத்தங்கம்,
தலை நிமிராமல்.